தத்துவ முனைவர் பட்டம்: எழுதவும் எடுத்துச் சொல்லவும், சிங்கப்பூரில் புதிதாகச் சேர்ந்தோருக்கு

சிங்கப்பூரில் தத்துவத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களுக்குத்தான் வருகிறார்கள். ஒன்று கென்ட் ரிஜில் உள்ள சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், மற்றொன்று ஜூரோங் பக்கம் உள்ள நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். விண்ணப்பம், மாணவர் அனுமதி, வாடகை அறை பற்றியெல்லாம் சொல்ல ஆள் நிறைய உண்டு. சேர்ந்த பிறகு எதை எழுதுவது, எழுதியதைப் பத்துப் பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்று கேட்டால்தான் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், அல்லது "போகப் போகத் தெரியும்" என்பார்கள். எனக்குத் தெரிவதற்குள் நெடுங்காலம் போய்விட்டது. மூத்த மாணவர்களைத் துளைத்தெடுத்தும், மதிப்பீட்டாளர்களின் கடுமையான குறிப்புகளைப் பலமுறை படித்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே வரிசையாகத் தருகிறேன். நீங்கள் அந்த அலைச்சலைத் தவிர்க்கலாம்.

1. முதல் மாதம்: கையேட்டைப் படித்துத் தேதிகளைக் குறியுங்கள்

துறையின் பட்டமேற்படிப்புக் கையேட்டிலிருந்து ஒரே பக்கத்தில் உங்களுக்கான பட்டியல் ஒன்றைத் தயாரியுங்கள். கட்டாயப் பாடங்கள் எத்தனை, தகுதித் தேர்வை எந்தப் பருவத்துக்குள் முடிக்க வேண்டும், ஆய்வு முன்மொழிவு எத்தனை சொற்களுக்குள் இருக்க வேண்டும், ஆய்வேட்டின் சொல் வரம்பில் அடிக்குறிப்புகள் சேருமா, உதவித்தொகை எந்த மாதத்தோடு நின்றுபோகும் ஆகிய விவரங்கள் அதில் இருக்கட்டும். கடைசி விவரத்தைச் சிவப்பு மையில் எழுதுங்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் காலக்கெடுவும் உதவித்தொகை முடியும் நாளும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இடையில் வருமானம் இல்லாத மாதங்கள் வந்துவிட்டால், இந்த ஊர் வாடகை எந்தத் தத்துவத்துக்கும் இரங்காது.

இரு பல்கலைக்கழகங்களிலும் ஆங்கில எழுத்துக்கும் பேச்சுக்கும் தனி மையங்கள் வகுப்புகள் நடத்துகின்றன. புதிதாகச் சேர்ந்தவுடன் மொழித்திறன் தேர்வு எழுத வேண்டுமா, விலக்கு கிடைக்குமா என்பதைச் சேர்க்கைக் கடிதம் வந்த உடனேயே கேட்டுவிடுங்கள். வகுப்புக்குப் போவது நல்லது. ஆனால் பொதுவான ஆய்வெழுத்து வகுப்புகள் பெரிதும் அறிவியல் மாணவர்களை மனத்தில் வைத்தவை. ஆய்வுமுறை, தரவு, முடிவு, விவாதம் என்ற அந்த வரிசை தத்துவக் கட்டுரைக்குப் பொருந்தாது. வாக்கியத்தைச் செப்பனிட அங்கே கற்றுக்கொள்ளுங்கள். கட்டுரையின் கட்டமைப்பைத் துறைக்குள்ளேயே கற்றுக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆய்வில் மக்களிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கருத்துக் கேட்கும் பகுதி இருந்தால், பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக் குழுவின் ஒப்புதலை முன்கூட்டியே வாங்க வேண்டும். "நாங்கள் தத்துவத் துறை, எங்களுக்கு அதெல்லாம் இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒப்புதல் இல்லாமல் திரட்டிய பதில்களை ஆய்வேட்டில் பயன்படுத்த முடியாமல் போகலாம்.

2. தலைப்பை விட்டுவிட்டு ஒரு கூற்றைப் பிடியுங்கள்

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

"உங்கள் ஆய்வு எதைப் பற்றி?" என்று கேட்டால் "மன்னிப்பு பற்றி" என்று பதில் வரும். அது தலைப்பு. "மன்னிப்பு குறித்த மேலை, கீழைத் தத்துவ அறிஞர்களின் கருத்துகளை ஆராய்தல்" என்பதும் தலைப்புத்தான், சற்று நீளமானது, அவ்வளவே. இப்படித் தொடங்கும் கட்டுரை, யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்று அடுக்கிவிட்டு, "எனவே மன்னிப்பு சிக்கலான ஒரு கருத்து" என்று முடியும். படிப்பவர் அதை முன்னமே அறிவார்.

இப்போது இதைப் பாருங்கள்: "தவறு செய்தவர் வருந்தாத போதும் அவரை மன்னிப்பது, பாதிக்கப்பட்டவரின் சுயமரியாதைக்கு இழுக்கு ஆகாது." இதை ஒருவர் மறுக்கலாம். மறுக்க நல்ல காரணமும் உண்டு: வருத்தமே தெரிவிக்காதவரை மன்னித்தால், நாம் பட்ட துன்பத்துக்கு மதிப்பில்லை என்று நாமே சொல்வது போல் ஆகிவிடாதா? அந்த மறுப்புக்கு உங்களிடம் பதில் இருந்தால் கட்டுரை கைக்கு வந்துவிட்டது. பதில் இல்லாவிட்டால், எதைப் படிக்க வேண்டும் என்பதாவது தெரிந்துவிடும்.

சோதனை எளிது. உங்கள் கூற்றை ஒரே வாக்கியத்தில் எழுதி, "இதை மறுக்கும் அறிவுள்ள மனிதர் ஒருவராவது இருப்பாரா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் கூற்று சப்பென்று இருக்கிறது. எல்லாரும் மறுப்பார்கள் என்றால் அகலக்கால் வைத்திருக்கிறீர்கள்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. அந்த வாக்கியத்தை வீட்டில் இருப்பவர்களிடம் தமிழில் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலக் கலைச்சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வழியில்லாதபோது, எந்த இடத்தில் நமக்கே புரியவில்லை என்பது பளிச்சென்று தெரியும்.

3. மூவாயிரம் சொற்களில் தொடங்குங்கள்

முதல் ஆண்டு முழுக்கப் படித்துவிட்டு இரண்டாம் ஆண்டில் எழுதலாம் என்ற அறிவுரை உங்கள் காதுக்கும் வரும். ஏற்காதீர்கள். முதல் பருவத்திலேயே மூவாயிரம் சொற்களில் ஒரு முழு வாதத்தை எழுதி முடியுங்கள். தத்துவ அறிஞர் எட்மண்ட் கெட்டியர் 1963இல் 'அனாலிசிஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரை மூன்றே பக்கம். அறிவு என்பதற்கு அதுவரை பரவலாகச் சொல்லப்பட்ட வரையறையை இரண்டு எடுத்துக்காட்டுகளால் அது ஆட்டிவிட்டது. நாம் எல்லாரும் கெட்டியர் ஆகப் போவதில்லை. ஆனால் நீளம் ஆழம் ஆகாது என்பதற்கு அந்த மூன்று பக்கம் போதும். அந்த இதழ் இன்றும் 4,000 சொற்களுக்கு மேற்பட்ட கட்டுரைகளை ஏற்பதில்லை.

அமைப்பு இப்படி இருக்கட்டும். முதல் பத்தியில் சிக்கல், உங்கள் கூற்று, கட்டுரை போகும் பாதை. அடுத்து, எதிர்த்தரப்பின் நிலைப்பாடு. அதன்பின் உங்கள் வாதம். பிறகு அதற்கு வரக்கூடிய மிக வலுவான மறுப்பும் அதற்கான பதிலும். "எதிர்த்தரப்பை முதலில், நேர்மையாக" என்பது நமக்குப் புதிதல்ல. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் பரபக்கம் (பிறர் தரப்பு), சுபக்கம் (தன் தரப்பு) என்று இரு பகுதிகளாக இருக்கிறது. பரபக்கத்தில் உலகாயதன் (கண்ணால் காணும் உலகமே உண்மை என்பவன்) முதலான ஒவ்வொருவரின் கொள்கையும் முதலில் எடுத்துரைக்கப்பட்டு, அதன் பிறகே மறுதலை வருகிறது. அந்த ஒழுங்கு இன்றைய கட்டுரைக்கும் அப்படியே உதவும். எதிராளி உங்கள் சுருக்கத்தைப் படித்தால் "ஆமாம், நான் சொன்னது இதுதான்" என்று தலையாட்ட வேண்டும். அதுவரை மறுப்பைத் தொடங்காதீர்கள்.

நூற்பட்டியலை முதல் நாளிலிருந்தே ஸோட்டெரோ போன்ற இலவச மென்பொருளில் சேர்த்து வையுங்கள். தேடுவதற்கு, தத்துவக் கட்டுரைகளைப் பட்டியலிடும் ஃபில்பேப்பர்ஸ் இணையத்தளம் போதுமானது. இந்திய, தமிழ்த் தத்துவ நூல்களுக்கு விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்தின் லீ கொங் சியான் நோக்கீட்டு நூலகத்தையும் மறவாதீர்கள். அங்குள்ளவற்றை இரவல் தரமாட்டார்கள். ஆகவே பக்க எண்ணை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

4. திருத்தும்போது நன்னூலைப் பக்கத்தில் வையுங்கள்

எழுத்துத் திறன் பற்றி எத்தனையோ வழிகாட்டி நூல்கள் விற்கின்றன. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்கள் அவற்றுக்குக் குறைந்தவை அல்ல. வரைவைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

குன்றக் கூறல்: வாதத்தின் ஒரு படியை விழுங்கிவிடுவது. "ஆகவே" என்று வரும் இடங்களையெல்லாம் வட்டமிட்டு, முன் வாக்கியத்திலிருந்து உண்மையிலேயே அது பிறக்கிறதா என்று பாருங்கள். மற்றொன்று விரித்தல்: படித்த உழைப்பு வீணாகிவிடக் கூடாது என்பதற்காகவே நுழைத்த பத்திகள். வெட்டி வேறு கோப்பில் போடுங்கள், மனம் ஆறும். மயங்க வைத்தல்: ஒரே சொல்லை இரண்டு பொருளில் ஆள்வது. தத்துவத்தில் வாதமே கவிழ்வது பெரும்பாலும் இதனால்தான். சென்று தேய்ந்திறுதல்: முதல் இரண்டு பக்கம் பட்டுப் போல் இருக்கும், மறுப்புக்குப் பதில் சொல்லும் பகுதி காலக்கெடுவுக்கு முந்தைய இரவு எழுதியதாக இருக்கும். மதிப்பீட்டாளர் மிகக் கவனமாகப் படிப்பது அந்தப் பகுதியைத்தான்.

கூறியது கூறல் என்ற ஒன்றில் மட்டும் நான் நன்னூலாரோடு முழுதாக ஒத்துப்போகவில்லை. ஆங்கிலத் தத்துவக் கட்டுரையில் கூற்றை முன்னுரையில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை சொல்வதை எதிர்பார்க்கிறார்கள். இன்னொன்று: பள்ளியில் கட்டுரை எழுதும்போது ஒரே சொல் திரும்ப வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பழக்கத்தை இங்கே கைவிட வேண்டும். ஒரு பத்தியில் ஒரு சொல்லையும் அடுத்த பத்தியில் அதற்கு இணையான வேறு சொல்லையும் போட்டால், இரண்டும் வேறு கருத்துகளா என்று வாசகர் குழம்புவார்.

கட்டணம் வாங்கிக்கொண்டு மொழி திருத்தித் தருகிறவர்கள் சொல்லுக்கு இவ்வளவு வெள்ளி என்று கேட்பார்கள். ஆய்வேடு என்று வரும்போது தொகை பெரிதாகிவிடும். பணம் கட்டுமுன், எந்த அளவு திருத்தம் அனுமதிக்கப்படுகிறது என்று நெறியாளரிடம் (உங்கள் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியரிடம்) கேளுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கும் இதே விதிதான்: துறை என்ன சொல்கிறது என்பதை மின்னஞ்சலில் எழுத்தாகப் பெற்று வையுங்கள்.

5. நெறியாளருக்குக் காட்டும் முறை

இங்கே பேராசிரியர்களைச் "சார்", "மேடம்" என்று அழைப்பது அரிது. "புரொஃப்" என்று சுருக்கி அழைப்பதுதான் மாணவர் வழக்கம். சிலர் பெயர் சொல்லியே கூப்பிடச் சொல்வார்கள். சொன்னால் தயங்காமல் கூப்பிடுங்கள்.

வரைவை அனுப்பும்போது "பார்த்துச் சொல்லுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். "மூன்றாம் பகுதியில் இரண்டாவது மறுப்புக்கு நான் சொல்லும் பதில் நிற்கிறதா?" என்பது போல ஒன்றிரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள். சந்திப்புக்கு ஒரு வாரம் முன்னதாகவாவது அனுப்புங்கள். சந்திப்பு முடிந்த அன்றே, பேசி முடிவு செய்தவற்றை நான்கு வரியில் எழுதி அவருக்கே திரும்ப அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்து "நான் அப்படிச் சொன்னேனா?" என்ற கேள்வி எழும்போது அந்த நான்கு வரி உங்களைக் காக்கும்.

6. துறைக் கருத்தரங்கில் படைப்பது

வெளி மாநாட்டுக்குப் போவதற்குமுன் துறைக்குள் ஒருமுறையாவது பேசுங்கள். ஆகஸ்ட்டில் தொடங்கும் பருவத்தின் பிற்பகுதியில் தீபாவளி வரும். தேதி கேட்கும்போது நாட்காட்டியைப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். போர்க்காலப் படைவீரராக (தேசிய சேவை முடித்த பிறகும் பயிற்சிக்கு அழைக்கப்படுபவராக) இருப்பவர்கள் முகாம் அழைப்பையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தத்துவத்தில் எழுதியதை அப்படியே வாசிக்கும் மரபு இன்னும் இருக்கிறது. வேறு துறை நண்பர்கள் கேட்டால் சிரிப்பார்கள், பொருட்படுத்த வேண்டாம். வாசிப்பதாக இருந்தால் காதுக்காகத் தனியாக எழுதுங்கள்: குட்டை வாக்கியம், அடிக்குறிப்பு கிடையாது, மேற்கோள் ஒன்றிரண்டு. முப்பது நிமிடத்துக்கு மூவாயிரம் ஆங்கிலச் சொற்களே அதிகம். தமிழர்களான நமக்கு ஆங்கிலத்தை விரைந்து பேசும் பழக்கம் உண்டு. அறையில் சீனாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்தவர்கள் இருப்பார்கள். அவர்கள் காதுக்கு நம் உச்சரிப்பு பழக இரண்டு நிமிடம் பிடிக்கும். ஆகவே முதல் இரண்டு நிமிடத்தை வேண்டுமென்றே மெதுவாகப் பேசுங்கள்.

திரையில் காட்டும் வில்லைகளைவிட (ஸ்லைடுகளைவிட) கையில் கொடுக்கும் தாளே மேல் என்பது என் கருத்து. ஒரே ஏ4 தாள், இரு பக்கம். மேலே உங்கள் கூற்று. கீழே வாதத்தின் படிகள், ஒவ்வொன்றுக்கும் எண். விவாதிக்கும் மேற்கோள்கள் முழுமையாக. எண் இருந்தால்தான் கேள்வி கேட்பவர் "உங்கள் மூன்றாம் படி" என்று சுட்ட முடியும். வில்லை நகர்ந்ததும் வாதம் கண்ணைவிட்டு மறைந்துவிடும், தாள் மறையாது. படியெடுக்க ஒரு பக்கத்துக்குச் சில காசுதான் ஆகும். எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலாக ஐந்து நகல்கள் எடுத்துப் போங்கள்.

7. கேள்வி நேரம்

பேச்சைவிட இதுதான் பெரிது. பல கருத்தரங்குகளில் பேச்சுக்கு எவ்வளவு நேரமோ கேள்விக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம். புதியவர்களுக்கு யாரும் சொல்லாத ஒரு வழக்கம் உண்டு: கையை உயர்த்தினால் புதிய கேள்வி, ஒற்றை விரலை உயர்த்தினால் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கேள்வியின் தொடர்ச்சி. அமர்வுத் தலைவர் பெயர்களைக் குறித்துக்கொண்டு வரிசையாக அழைப்பார். விரலை உயர்த்திவிட்டுப் புதிய கேள்வி கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

மன்னிப்புக் கட்டுரைக்கே திரும்புவோம். ஒருவர் கேட்கிறார்: "வருந்தாதவரை மன்னித்தால், நடந்தது தவறே இல்லை என்று விட்டுவிடுவதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு?" பதற்றத்தில் பலரும் கட்டுரையை முதலிலிருந்து திரும்பச் சொல்லத் தொடங்குவார்கள். வேண்டாம்.

முதலில் கேள்வியை ஒரு வாக்கியத்தில் திருப்பிச் சொல்லுங்கள்: "மன்னிப்பதும் கண்டும் காணாமல் விடுவதும் ஒன்றாகிவிடும் என்கிறீர்கள், சரியா?" யோசிக்க அது நேரமும் தரும். பிறகு நேரான பதில்: "ஒன்றாகாது. கண்டுகொள்ளாமல் விடுபவர் 'பரவாயில்லை' என்கிறார். மன்னிப்பவர் 'நீ செய்தது தவறு' என்பதை விட்டுக்கொடுக்காமல்தான் மன்னிக்கிறார்." கடைசியாக எல்லை: "அதை வெளிப்படையாகச் சொல்லவே முடியாத சூழலில் என் வாதம் எவ்வளவு தாங்கும் என்பதை யோசிக்க வேண்டும்." இவ்வளவும் ஒரு நிமிடம். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் இந்தத் துறையில் மதிப்புக் குறையாது. சுற்றி வளைத்தால் குறையும்.

பெரியவர்களை எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். பேராசிரியரின் கட்டுரையில் ஓட்டை தெரிந்தாலும் வாயைத் திறக்க மாட்டோம். இங்கே அந்த மௌனத்தை மரியாதை என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை, படிக்காமல் வந்திருக்கிறார் என்றே நினைப்பார்கள். ஒவ்வொரு கருத்தரங்குக்கும் ஒரு கேள்வியை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் படைப்பின்போது வரும் கேள்விகளைக் குறித்துக்கொள்ள நண்பர் ஒருவரை அமர்த்துங்கள். மேடையில் நிற்பவருக்கு எதுவும் நினைவில் நிற்காது.

மூன்று நிமிட ஆய்வேட்டுப் போட்டியிலும் கலந்துகொள்ளலாம். 2008இல் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய போட்டி அது. அசையாத ஒரே ஒரு வில்லை, மூன்று நிமிடம். தத்துவத்தை வெளியாருக்குச் சொல்ல நல்ல பயிற்சி, துறைக்குள் பேச அவ்வளவாகப் பயன்படாது.

8. மாநாடு: விசாவும் ரசீதும்

மாநாட்டு அறிவிப்புகளை ஃபில்ஈவென்ட்ஸ் தளத்தில் பாருங்கள். ஆஸ்திரலேசியத் (ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பகுதி) தத்துவச் சங்கத்தின் ஆண்டு மாநாடு பெரும்பாலும் ஜூலையில் நடக்கும். நமக்கு அப்போது விடுமுறை, விமானப் பயணமும் அமெரிக்காவைவிடக் குறைவு. உலகத் தத்துவ மாநாடு வழக்கமாக ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை கூடும்; கடந்த முறை ஓராண்டு தள்ளிப்போய் 2024இல் ரோமில் நடந்தது, அடுத்தது 2028இல் தோக்கியோவில். அமெரிக்கக் கூட்டங்களில் இணையம்வழி பேச இடம் கிடைத்தால் நேரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். குளிர்காலத்தில் நியூயார்க்கில் பிற்பகல் 2 மணி என்றால் இங்கே விடியற்காலை 3 மணி.

மாநாட்டுக்கு அனுப்பும் கட்டுரைச் சுருக்கத்தில் "ஆராய்வேன்" என்று எழுதாதீர்கள். கூற்று என்ன, அதற்கான முதன்மைக் காரணம் என்ன என்பது முதல் மூன்று வாக்கியங்களுக்குள் இருக்க வேண்டும்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் ஏற்பு மின்னஞ்சல் வந்த அன்றே விசா வேலையைத் தொடங்க வேண்டும். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 90 யூரோ, விண்ணப்பத்தை வாங்கும் நிலையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்புறுதி, மாநாட்டு அழைப்புக் கடிதம், பல்கலைக்கழகச் சான்றுக் கடிதம், வங்கிக் கணக்கு அறிக்கை, தங்குமிடப் பதிவு ஆகியவை வேண்டும். மாணவர் அனுமதி பயணத் தேதிக்குப் பிறகும் சில மாதங்கள் செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். விண்ணப்பத்தை நேரில் கொடுக்க நாள் கிடைப்பதுதான் பெரும்பாடு. கோடையில் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும்.

பயண நிதிக்கு ஒப்புதல் கிடைத்த பிறகே டிக்கெட் வாங்குங்கள். முன்னரே வாங்கிய டிக்கெட்டுக்குப் பணம் தர மறுக்கும் இடங்கள் உண்டு. பணத்தைத் திருப்பித் தருவது பெரும்பாலும் பயணம் முடிந்த பிறகுதான், ஆகவே கையில் சில ஆயிரம் வெள்ளி இருக்க வேண்டும். விமானம் ஏறும் அட்டை, ரசீது, கட்டண அறிக்கை எல்லாவற்றையும் அன்றன்றே படம் எடுத்து வையுங்கள். உங்கள் பெயர் அச்சாகியிருக்கும் நிகழ்ச்சி நிரல் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பட்டியலிலும் இல்லாத அந்த ஒரு தாளைக் கேட்டு என் விண்ணப்பத்தை ஓர் அலுவலகம் மாதக்கணக்கில் கிடப்பில் போட்டது.

9. இதழுக்கு அனுப்புவது

ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது. மாநாட்டில் பேசியதை இதழுக்கு அனுப்பலாம். முன்னணி இதழ்கள் வரும் கட்டுரைகளில் பத்தில் ஒன்றைக்கூட ஏற்பதில்லை, பதில் வரப் பல மாதங்கள் ஆகலாம். ஆய்வேடு முடிவதற்குள் ஒரு கட்டுரையாவது வெளிவர வேண்டும் என்றால் இரண்டாம் ஆண்டிலேயே அனுப்பத் தொடங்க வேண்டும்.

பெரும்பாலான தத்துவ இதழ்கள் ஆசிரியரிடம் பணம் கேட்பதில்லை. 'எர்கோ' போன்றவை படிப்பவரிடமும் வாங்குவதில்லை. உங்கள் மாநாட்டுப் பேச்சைப் புகழ்ந்து, இரண்டு வாரத்தில் வெளியிடுவதாகவும் சில நூறு டாலர் அனுப்பும்படியும் மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள்.

மதிப்பீடு பெயர் மறைத்து நடப்பதால், கோப்பில் உங்கள் பெயர், நன்றியுரை, "என் முந்தைய கட்டுரையில்" போன்ற தொடர்கள் எல்லாவற்றையும் நீக்க வேண்டும். கோப்பின் பண்புகளிலும் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும், அதையும் அழியுங்கள். நிராகரிப்பு வந்தால் குறிப்புகளை ஒருமுறை படித்துவிட்டு இரண்டு நாள் மூடி வையுங்கள். பிறகு, ஒரே மாலையில் திருத்தக்கூடியவற்றைத் திருத்தி அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். துறை சிறியது, அதே மதிப்பீட்டாளர் கைக்கே கட்டுரை மறுபடியும் போகக்கூடும். அவர் சுட்டிய பிழை அப்படியே இருந்தால் இரண்டாவது குறிப்பு முதலாவதைவிடக் காரமாக வரும்.